பழைய மோட்டார்: அப்படியே விற்பதா, பிரித்துச் செம்பு எடுப்பதா, ஓட வைப்பதா?

"அண்ணே, வேலைக்குப் போன இடங்களில் கழற்றிய ஃபேன் மோட்டாரும் பம்புமாக வீட்டுப் பின்னால் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. அப்படியே லோரியில் ஏற்றிவிடவா, இல்லை பிரித்துச் செம்பை மட்டும் விற்கவா?" பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் ஏர்கோன் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டது இது. மண்டபத்து ஃபேன்களை மாற்றும்போது கோவில் நிர்வாகத்தார் இதையே கேட்கிறார்கள். அப்பா நடத்திய பட்டறையை மூடப்போகும் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

பிறைப் பக்கம் மோட்டார் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் வயர்ச் சுருள்) கட்டும் வேலையில் இருப்பவன் நான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மொத்தக் குவியலுக்கும் ஒரே பதில் கிடையாது. மோட்டார் மோட்டாராகப் பார்க்க வேண்டும். ஒரே குவியலில் ஒன்றைப் பிரித்தால் லாபம், பக்கத்தில் கிடப்பதைப் பிரித்தால் நட்டம். இன்னொன்றைப் பிரிக்கவே கூடாது, ஏனென்றால் அது இன்னும் ஓடும். எதை எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

உள்ளே இருப்பது செம்புதானா? மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பின்னால்தான். இப்போது வரும் வாஷிங் மெஷின், மலிவு விலை ஃபேன், சிறிய பம்ப் பலவற்றில் அலுமினிய வயர்தான் சுற்றியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள். வயரின் மேல் பூசிய எனாமல் பூச்சு செம்பு நிறத்திலேயே இருக்கும். காயிலின் ஓரத்தில் ஒரு வயரைக் கத்தி நுனியால் சுரண்டுங்கள். அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். சிவப்பாகவே தெரிந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லிய செம்புத் தோல் போட்ட வயரும் உண்டு. ஒரு வயரைக் கட்டரால் நறுக்கி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவிலும் சிவப்பு இருந்தால்தான் முழுச் செம்பு.

காயில் வெளியே தெரியாத மோட்டாரென்றால் ஒரு பக்க மூடியைக் கழற்றினால் போதும், நான்கு நட்டுதான். மூடியைத் திறப்பதும் மோட்டாரைப் பிரிப்பதும் ஒன்றல்ல. பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிடலாம்.

எடையில் செம்பின் பங்கு எவ்வளவு? மின் மோட்டார் என்பது பெரும்பாலும் இரும்பு. பொதுவாக எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் செம்பு இருக்கும். கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

கணக்கு இப்படி. முழு மோட்டாரைக் கடையில் கிலோ 3.50 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுக்கிறார்கள், எனாமல் செம்பு கிலோ 30 வெள்ளி, இரும்பு கிலோ 1 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கு புரிவதற்காக நான் எடுத்த எண்கள். விலை வாராவாரம் மாறும், உங்கள் கடையில் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த விலையில் மோட்டார் எடையில் செம்பு ஏறக்குறைய 8.6 விழுக்காடு இருந்தால் பிரித்து விற்றாலும் முழுதாக விற்றாலும் ஒரே காசு. அதற்கு மேலே இருந்தால்தான் பிரிப்பதில் ஏதாவது மிஞ்சும்.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, முழு மோட்டாருக்குச் சொல்லும் விலையே இந்தச் சராசரியை மனத்தில் வைத்துச் சொல்வதுதான். அவர் பல ஆயிரம் மோட்டார் பார்த்தவர். அதனால் சராசரிக்கு மேலே செம்பு உள்ள மோட்டாரைப் பிரிப்பதில்தான் உங்களுக்கு வேலை. சராசரிக்குக் கீழே உள்ளதைத் தொடாமல் கொடுத்துவிடுவதே நல்லது.

உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை. 2025-லிருந்து மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72. பிரிப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் காசை, செலவான மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 8.72-க்குக் கீழே வந்தால் நீங்கள் உங்களையே குறைந்த கூலிக்கு வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். "சும்மா இருக்கும் நேரம்தானே" என்பார்கள். சும்மா இருக்கும் நேரத்துக்கும் முதுகு உண்டு, கை உண்டு.

ஆபத்து, அக்கம்பக்கம், காகிதம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் உட்கார்ந்து இரும்பு தட்டினால் பக்கத்து வீடு எவ்வளவு நாள் பொறுக்கும்? பிள்ளைகள் ஓடும் இடமா? மோட்டார் உங்களுடையதுதான் என்று காட்ட ஏதாவது தாள் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பிறகு பார்க்கலாம்.

## வழி ஒன்று: அப்படியே கடையில் போடுவது

பட்டர்வொர்த், பிறை, சிம்பாங் அம்பாட் பக்கம் பழைய இரும்புக் கடைக்குப் பஞ்சமில்லை. வண்டியில் ஏற்றி, தராசில் வைத்து, காசை வாங்கிக்கொண்டு வரலாம். கை அழுக்காகாது. இந்த வணிகத்தில் கலப்பு மோட்டார் தனி வகையாகவே உலகம் முழுக்க வாங்கப்படுகிறது. அமெரிக்க உலோகக் கழிவு வணிகர் சங்கத்தின் பட்டியலில் அதற்கு 'எல்மோ' என்று பெயரே இருக்கிறது. கடைக்காரர் உங்களிடம் வாங்கிப் பெரிய கைக்கு விற்பார். அங்கே இயந்திரத்தில் போட்டு நொறுக்கி இரும்பு, செம்பு, அலுமினியம் என்று பிரிப்பார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் உளியால் செய்வதை அந்த இயந்திரம் சில நொடியில் செய்துவிடும். அதனோடு நாம் போட்டி போட முடியாது.

மறைமுகச் செலவு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, இணைப்புச் சாமான். பம்பின் முன்பக்க வார்ப்பிரும்பு, ஃபேனின் இறக்கை, அடித்தட்டு எல்லாம் சேர்ந்தே இருந்தால் சில கடைகள் மொத்தத்தையும் இரும்பு விலைக்கு இறக்கிவிடும். பம்பையும் மோட்டாரையும் பிரித்து, மோட்டாரை மட்டும் மோட்டாராகக் கொடுங்கள். பம்ப் பகுதி பித்தளையாக இருந்தால் அது தனி விலை, அதை இரும்போடு போட்டுவிடக் கூடாது. வெளியே தொங்கும் வயரையும் நறுக்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நல்ல மோட்டார் கெட்டதோடு சேர்ந்து போவது. அது மூன்றாம் வழியில் வருகிறது.

மோட்டார் அலுமினியச் சுற்றாக இருக்கும்போதும், வார்ப்பிரும்புக் கூடு கனமாக இருந்து உள்ளே செம்பு குறைவாக இருக்கும்போதும், வீட்டில் இடமும் கருவியும் இல்லாதபோதும் இந்த வழிதான் சரி. ஸ்டாண்டிங் ஃபேன், எக்ஸாஸ்ட் ஃபேன் போன்ற சின்ன மோட்டார்களுக்கும் இதுவே போதும். அவற்றில் கிடைக்கும் செம்பு கைப்பிடிகூட வராது.

## வழி இரண்டு: பிரித்துச் செம்பைத் தனியாக விற்பது

முதலில் கப்பாசிட்டர். ஒற்றை பேஸ் மோட்டாரில் உருளையாகவோ பெட்டியாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கிப் பல நாள் ஆனாலும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். இரண்டு முனைக்கும் நடுவே ஒரு பழைய குண்டு பல்பை ஹோல்டரோடு சில நொடி இணைத்து வடித்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். 1980-க்கு முந்திய கப்பாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு.

பிறகு இரண்டு பக்க மூடியையும் பிடித்திருக்கும் நீள போல்ட்டுகளைக் கழற்றி, ஓரத்தில் மெதுவாகத் தட்டினால் மூடி வந்துவிடும், நடுவில் சுழலும் ரோட்டரும் வெளியே வரும். ரோட்டரில் செம்பு தேடாதீர்கள். நாம் வழக்கமாகப் பார்க்கும் மோட்டார்களில் அது இரும்புத் தகடும் அலுமினிய வார்ப்பும்தான். மிக்ஸி, டிரில் போன்றவை வேறு. அவற்றில் ரோட்டரிலும் வயர் சுற்றியிருக்கும், கரித்துண்டு உரசும் இடத்தில் செம்புத் துண்டுகளும் இருக்கும்.

மிச்சம் இருப்பது சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர். உள்சுற்றில் 24 அல்லது 36 ஸ்லாட் (பள்ளம்), ஒவ்வொன்றிலும் வயர்க் கற்றை இறுக்கிச் செருகி, வாய்க்கு ஆப்பு வைத்து, மேலே வார்னிஷ் ஊற்றிச் சுட்டிருப்பார்கள். அது கல்லாக இறுகியிருக்கும். கையால் இழுத்து வராது. செய்முறை இது: ஸ்டேட்டரை வைஸில் பிடித்து, ஒரு பக்கம் பிதுங்கி நிற்கும் காயில் தலையை இரும்புத் தகட்டின் மட்டத்துக்கு அறுத்து எடுக்க வேண்டும். கட்டிங் டிஸ்க்கைவிடக் கூர்மையான தட்டை உளியே எனக்குப் பிடிக்கும். டிஸ்க் வேகம்தான், ஆனால் செம்பைத் தூளாக்கிக் காற்றில் விடுகிறது. அந்தத் தூளோடு வார்னிஷும் கண்ணாடி இழையும் சேர்ந்து மூச்சில் போகும். உளியை வயர்க் கற்றையின் ஓரத்தில் சாய்த்து வைத்து அடித்தால் பளிச்சென்று சிவந்த வெட்டுமுகம் வரிசையாகத் தெரியும். அப்படியே வட்டம் முழுவதும் போய்விட்டு, ஸ்டேட்டரைத் திருப்பி, மறுபக்கத்துத் தலையைக் கொக்கியில் மாட்டி ஸ்லாட் ஸ்லாட்டாக இழுக்க வேண்டும். அடம்பிடிக்கும் ஸ்லாட்டுக்கு, வெட்டிய பக்கத்திலிருந்து அதே அகலமுள்ள கம்பியால் தட்டிக் கொடுங்கள். முதல் மோட்டார் உயிரை வாங்கும். போகப் போகக் கை பழகும்.

கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் இல்லாமல் உட்காராதீர்கள். அறுத்த செம்பு நுனி ஊசி மாதிரி. மிகப் பழைய மோட்டார்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காப்பும் இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நார் நாராகப் பொடிந்து வரும் ஒன்றைக் கண்டால் அதோடு நிறுத்தி, முழுதாக விற்றுவிடுங்கள்.

இனிக் காசு. மேலே சொன்ன விலைகளோடு வார்ப்பு அலுமினியத்துக்குக் கிலோ 5 வெள்ளி சேர்த்து, வழக்கமாகக் கண்ணில் படும் நான்கு மோட்டார்களுக்குப் போட்ட கணக்கு:

| மோட்டார் | எடை | உள்ளே | முழுதாக | பிரித்து | வித்தியாசம் | நேரம் |
|---|---|---|---|---|---|---|
| பழைய கனமான சீலிங் ஃபேன், செம்பு | 4 கிலோ | செம்பு 0.4, அலுமினியம் 1, மீதி இரும்பு | 14.00 | 19.60 | +5.60 | கால் மணி |
| 1 குதிரைத்திறன் பம்ப் மோட்டார், அலுமினிய மூடி, செம்பு | 12 கிலோ | செம்பு 1.1, அலுமினியம் 2, மீதி இரும்பு | 42.00 | 51.90 | +9.90 | ஒரு மணி |
| 5 குதிரைத்திறன் மூன்று பேஸ், வார்ப்பிரும்புக் கூடு | 38 கிலோ | செம்பு 3.5, மீதி இரும்பு | 133.00 | 139.50 | +6.50 | இரண்டு மணிக்கு மேல் |
| வாஷிங் மெஷின், அலுமினிய வயர் | 6 கிலோ | அலுமினியம் 1, மீதி இரும்பு | 21.00 | 10.00 | −11.00 | அரை மணி |

பெரிய மோட்டாரில் நிறையச் செம்பு இருக்கும், அதைப் பிரித்தால்தான் லாபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. அந்த 5 குதிரைத்திறன் மோட்டாரில் மூன்றரைக் கிலோ செம்பு இருந்தும், முதுகு வலிக்க இரண்டு மணி நேரம் உழைத்து ஆறு வெள்ளி ஐம்பது சென்தான் கூடுதல். மணிக்கு மூன்றேகால் வெள்ளி. பழைய சீலிங் ஃபேனோ மணிக்கு இருபது வெள்ளிக்கு மேல் கொடுக்கிறது. காரணம், ஃபேனின் மூடி அலுமினியம், காயில் நடுவில் திறந்த மேனியாக இருக்கிறது, வார்னிஷும் லேசு. கனமான வார்ப்பிரும்பு இல்லை. மண்டபத்திலிருந்து கழற்றிய இருபது ஃபேன் இருந்தால் ஒரு நாள் வேலைக்கு நூறு வெள்ளிக்கு மேல் கூடுதலாக நிற்கும். அது பிரிக்கத் தகுந்த குவியல். பம்ப் மோட்டார் எல்லைக்கோட்டில் இருக்கிறது. பழகிய கைக்குச் சரி, புதியவருக்கு வேண்டாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளை இப்போது கழியுங்கள். உளி மழுங்கும், டிஸ்க் தேயும், கையுறை கிழியும். ஸ்லாட்டுக்குள் செம்புத் துண்டுகள் மாட்டிக்கொண்ட ஸ்டேட்டரை இரும்பு விலைக்குத்தான் எடுப்பார்கள். அப்படி விட்டுவந்த செம்பு நீங்கள் இனாமாகக் கொடுத்தது. மோட்டாரிலிருந்து எடுத்த எனாமல் செம்புக்கு, உரித்த கேபிள் செம்பின் விலை கிடைக்காது. எனாமல் பூச்சு இருப்பதால் அது இரண்டாம் தரம். வணிகப் பட்டியலில் இந்தத் தரத்துக்கு 96 விழுக்காடு செம்பு என்று கணக்கு. "செம்பு இன்றைக்கு என்ன விலை" என்று போனில் கேட்டுவிட்டு முதல்தர விலையை வைத்துக் கணக்குப் போட்டால் கடையில் ஏமாற்றம்தான். "மோட்டார் காயில் செம்பு என்ன விலை" என்று கேளுங்கள். காகிதக் காப்பு, நூல், ஆப்பு எல்லாவற்றையும் உதறி எடுத்துவிட்டால் அழுக்குக்கென்று கழிக்கும் எடையும் குறையும்.

## எரிப்பது ஒரு வழியே இல்லை

காயிலை நெருப்பில் போட்டால் வார்னிஷ் போய்விடும், வயர் சுலபமாக வரும் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எனாமலும் வார்னிஷும் எரியும் புகை நச்சு. அதோடு சேர்த்துப் பிவிசி வயரையும் போட்டால் டையாக்சின் என்ற கொடிய நச்சு வரை போகும். அது மூச்சில் போவதோடு நிற்பதில்லை, மண்ணிலும் சாம்பலிலும் தங்கிவிடும். அந்தச் சாம்பல் கிடக்கும் இடத்தில்தான் நாளைக்கு உங்கள் பிள்ளை விளையாடும், கோழி மேயும். 2022 ஜனவரியில் ஜெலுத்தோங் குப்பைமேடு தீப்பிடித்தபோது அந்தப் புகையோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 29A பிரிவு, திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. அபராதம் லட்சக்கணக்கில், சிறை ஐந்து ஆண்டு வரை. இவ்வளவும் செய்து எரித்தெடுத்த செம்பு கறுத்துச் செதில் விட்டிருக்கும், கடையில் விலையும் இறங்கும்.

"காயில் கட்டும் கடையிலேயே சுடுகிறார்களே" என்று கேட்கலாம். முறையான பட்டறையில் அதற்கென்று அடுப்பு இருக்கிறது. 350 டிகிரி அளவில் சூட்டைக் கட்டுப்படுத்தி வார்னிஷை இளக்குவார்கள், புகைக்கு வடிகட்டும் வழி இருக்கும். சூடு மீறினால் ஸ்டேட்டர் தகடுகளுக்கு நடுவிலுள்ள காப்பு கெட்டு, பிறகு அந்த மோட்டார் எப்போதும் சூடேறிக்கொண்டே இருக்கும். அந்த அடுப்பையும் வீட்டுப் பின்னால் தகரப் பீப்பாயில் மூட்டும் நெருப்பையும் ஒன்றாக வைக்க முடியாது.

## வழி மூன்று: மோட்டாரை மோட்டாராகவே விற்பது

என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும், மறைக்கவில்லை. தூக்கியெறியும் மோட்டார்களில் பல உண்மையில் சாகவில்லை. ஸ்விட்ச் போட்டால் உறுமுகிறது, சுழலவில்லை, கையால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான் போயிருக்கும். சில வெள்ளிச் சாமான். ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கும் அதுவே காரணமாக இருக்கும். கரகரவென்று சத்தம், தண்டை ஆட்டினால் ஆடுகிறது என்றால் பேரிங். வீட்டுப் பம்பில் பெரும்பாலும் 6203, 6204 எண் பேரிங்தான், எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். காயில் கருகிய வாசனையும் கறுத்த நிறமும் இல்லாத மோட்டாரை உடைப்பதற்கு முன் ஒரு முறை காயில் கடையில் காட்டுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த மோட்டாருக்கும் இது பொருந்தும். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் பம்பும் வாஷிங் மெஷினும் சேற்றில் மூழ்கின. நனைந்தது எல்லாம் கெட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடத் தேவையில்லை. பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, மிதமான சூட்டில் ஓரிரு நாள் காய வைத்து, மெகர் என்ற சோதனைக் கருவியில் காப்பைச் சோதிக்க வேண்டும். 500 வோல்ட் சோதனையில் 1 மெகாஓமுக்கு நன்றாக மேலே ஏறி நின்றால் அந்தக் காயில் தாக்குப்பிடிக்கும். பேரிங்கை மட்டும் மாற்றிவிட வேண்டும், சேறு போன பேரிங் நிற்காது. இந்தச் சோதனையை மின்சார வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சோதிக்காமல் பிளக்கில் செருகிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

மேலே அட்டவணையில் பார்த்த 5 குதிரைத்திறன் மூன்று பேஸ் மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். உலோகமாக அது நூற்று முப்பது, நூற்று நாற்பது வெள்ளி. ஓடும் நிலையில், பெயர்த்தகடு தெளிவாக இருந்து, பட்டறைக்கோ தோட்டத்துக்கோ தேவைப்படுகிறவர் கையில் போனால் சில நூறு வெள்ளி கிடைக்கும். காயில் கருகியிருந்தாலும் நல்ல கூடு, நல்ல தண்டு உள்ள மோட்டாரைக் காயில் கடைக்காரர்கள் சில சமயம் இரும்பு விலைக்கு மேல் கொடுத்து வாங்குவார்கள். திரும்பச் சுற்றி விற்கலாம் அல்லவா? அதனால் பெரிய மோட்டாரில் உளி வைப்பதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். பெயர்த்தகட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினாலே பாதி பதில் வந்துவிடும்.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. வாங்குகிறவர் வரும்வரை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். மழை படக் கூடாது. விற்ற பிறகு ஓடவில்லை என்று திரும்பி வருவார், அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சின்ன மோட்டாரில் காயில் கருகிவிட்டால் இந்த வழி அடைபட்டது. காயில் கட்டும் கூலி புது மோட்டாரின் விலையைத் தொட்டுவிடும். சோதித்து விற்கத் தெரியாதவர் தீவில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை போன்ற இடத்தில் "ஓடுமா தெரியாது" என்று சொல்லியே விற்கலாம். விலை குறையும், மனச்சாட்சி உறுத்தாது.

மூன்று பேஸ் மோட்டார், தோட்டத்துப் பம்ப், மாவரைக்கும் கிரைண்டரின் நல்ல மோட்டார், பெயர் பெற்ற பழைய கனமான ஃபேன் ஆகியவற்றுக்கு முதலில் இந்த வழியைப் பாருங்கள். இல்லையென்றான பிறகு மற்ற இரண்டு.

## ஃபிரிட்ஜ், ஏர்கோன் கம்ப்ரசர்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கறுப்புக் குடம் மாதிரி மூடிப் பற்றவைத்த கம்ப்ரசருக்குள்ளும் ஒரு மோட்டார் இருக்கிறது, செம்பும் இருக்கலாம். ஆனால் கூடவே எண்ணெயும் வாயுவும் இருக்கின்றன. புது ஃபிரிட்ஜ்களில் வரும் R600a என்பது எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். பழைய ஏர்கோனின் R22 ஓசோனைக் கெடுக்கும், அதைக் காற்றில் திறந்துவிடக் கூடாது, மீட்டெடுக்கும் இயந்திரத்தில்தான் வாங்க வேண்டும். எண்ணெய் தேங்கிய கூட்டை டிஸ்க்கால் அறுப்பதும் கேஸ் நெருப்பு வைப்பதும் வெடிக்கு வழி. ஏர்கோன் வேலை செய்யும் தம்பிமார்களுக்கு என் வேண்டுகோள்: வாயுவை முறையாக எடுத்து, குழாய்களை மூடி, கம்ப்ரசரை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். இணைப்புச் செம்புக் குழாயைத் தனியாக விற்றால் அதிலேயே நல்ல காசு.

## கடைக்குப் போகும்போது

மோட்டார் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பழைய இரும்புக் கடைக்காரர் 1946-ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டத்தின் கீழ்க் காவல்துறை உரிமம் வாங்கியவராக இருக்க வேண்டும். வாங்கும் பொருளையும் கொடுத்தவர் விவரத்தையும் பதிந்து வைக்க வேண்டும். அதனால் ஐசி (அடையாள அட்டை) கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கேட்காத கடையைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும். கேபிள் திருட்டு இந்த நாட்டில் ஓயாத தொல்லை. அடையாளம் தெரியாத செம்புக் குவியலை யாரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முழு மோட்டாராக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று பெயர்த்தகடு சொல்லும், பிரித்த செம்புக்கு வாய் கிடையாது. பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பெயர்த்தகட்டோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில் பொருளென்றால் நிர்வாகக் கூட்டத்தில் எழுதி முடிவெடுத்து, கடிதத்தோடு இரண்டு பேர் போக வேண்டும். ரசீது கோவில் பெயரில் வரட்டும். வாடிக்கையாளர் வீட்டில் கழற்றியதென்றால் "பழசை எடுத்துக்கொள்கிறேன்" என்று அப்போதே சொல்லி, பில்லில் ஒரு வரி எழுதிவிடுங்கள். தொழிற்சாலை மோட்டாருக்குக் கழிவுப் பொருள் அனுமதிக் கடிதம் இல்லாமல் கையே வைக்கக் கூடாது. திருட்டுப் பொருளை வாங்குவது, வைத்திருப்பது பற்றிக் குற்றவியல் சட்டத்தின் 411-ஆவது பிரிவு இருக்கிறது. தெரிந்தே வைத்திருந்தால் விற்றவரோடு நீங்களும் மாட்டுவீர்கள்.

விலை ஏறட்டும் என்று வைத்திருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நம் ஊர்க் கடை விலை லண்டன் உலோகச் சந்தையின் பின்னால் ஓடுகிறது. அங்கே 2024 மே மாதம் செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது, ஆகஸ்டில் 9,000-க்குக் கீழே வந்துவிட்டது. மூன்று மாதத்தில் இவ்வளவு ஆட்டம். நூறு கிலோ செம்பு வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். ஒரு வாளிச் செம்பு வைத்திருப்பவருக்கு ஏற்ற இறக்கத்தைவிடத் திருடன்தான் பெரிய கவலை. வண்டி ஒருமுறை போய்வரும் எண்ணெய்க் காசை நியாயப்படுத்தும் அளவு சேர்ந்ததும் விற்றுவிடுங்கள்.

தராசைப் பற்றி ஒன்று. 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி வணிகத் தராசுகள் சோதிக்கப்பட்டு முத்திரை இருக்க வேண்டும். செம்பை இருபது கிலோ பிளாட்ஃபாரத் தராசில் வைப்பதற்கும், லோரி ஏறும் பெரிய தராசில் மற்றதோடு சேர்த்துப் போடுவதற்கும் வித்தியாசம் அதிகம். பெரிய தராசில் அரைக் கிலோ தெரியவே தெரியாது, அரைக் கிலோ செம்பென்றால் பதினைந்து வெள்ளி. வீட்டிலேயே ஒரு முறை எடை போட்டு, செம்பு, அலுமினியம், இரும்பு, வயர் என்று தனித்தனிச் சாக்கில் எடையை எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள். செம்புச் சாக்கை முதலில் இறக்கி, தராசு காட்டும் எடையைப் பார்த்து எழுதிய பிறகு மற்றதை இறக்குங்கள்.